பாஷாணம்: ஒரு பயத்தின் சரித்திரம்

பயங்களுக்கும் சரித்திரம் உண்டு. பிளேக் பயம், பஞ்ச பயம் எல்லாவற்றுக்கும் ஒரு தொடக்கமும் ஒடுக்கமும் இருந்திருக்கின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் தங்கிவிடும் பயத்தை. வியாதி திரும்பி வந்துவிடுமோ என்கிற பயம். இது மனித சுபாவம், சாவு பயத்தின் இன்னொரு வேஷம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. சாவு பயம் புராதனமானது. இது அப்படியல்ல. ஒன்று திரும்பி வருமோ என்று பயப்பட, முதலில் அது போயிருக்க வேண்டும். போன பிறகு ஆள் சில வருடங்களாவது இருக்க வேண்டும். இந்த இரண்டும் பெருவாரியான ஜனங்களுக்குக் கிடைத்தது சமீபத்தில்தான். வடாற்காட்டில், தோல் தொழில் ஊர்களில், மிகச் சமீபத்தில்.

நம் மொழி இந்த விஷயத்தில் விசித்திரமானது. பிழைத்தவரை 'மீண்டவர்' என்கிறோம். மீள்வது என்றால் தப்புவது. மீள்வது என்றால் திரும்புவதும்தான். மீட்சியும் 'மீண்டும்' என்ற சொல்லும் ஒரே வேரில் நிற்கின்றன. நோயிலிருந்து மீண்டார் என்று வாயெடுக்கும்போதே நோய் மீண்டது என்று சொல்வதற்கான வசதியையும் அந்த வினைச்சொல் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. வியாதியின் பெயரும் இப்படித்தான். கிரேக்கர்கள் நண்டைப் பார்த்த இடத்தில் நாம் கறையான் புற்றைப் பார்த்தோம். நண்டு பிடித்தால் விடாது, அவ்வளவுதான். புற்றின் குணம் வேறு. மேல் மண்ணை மண்வெட்டியால் தள்ளிவிட்டால் நாலு மழைக்குள் அதே இடத்தில் மறுபடி எழும்பும். கீழே ராணி இருக்கிற வரைக்கும். மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றி அதை அம்மனாகக் கும்பிடுகிறவர்களுக்கு இது தெரியும். திரும்பி வருதல் என்பது நமக்கு வியாதியின் பெயரிலேயே இருக்கிறது.

மருத்துவனுக்கு இந்தப் பயம் பழசு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்ஸஸ், கட்டியை வெட்டியெடுத்து வடு ஆறிய பிறகும் அது திரும்பி வந்து ஆளைக் கொன்றதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அதை எண்ணத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். பால்ட்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகப் புற்றுக்குத் தான் அறுவை செய்த 50 பெண்களின் கணக்கை 1894ல் வெளியிட்டார். வெட்டிய இடத்திலேயே திரும்பி வந்தது 3 பேருக்குத்தான். அன்றைய ஐரோப்பியப் பெரும் சர்ஜன்களின் கணக்கில் அது பாதிக்கு மேல். ஹால்ஸ்டெட்டின் ரகசியம் கத்தியின் ஆழம். மார்போடு அதன் கீழ்த் தசையையும் அக்குளின் கணுக்களையும் ஒரே பிண்டமாக எடுத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் தோண்டினார்கள். கழுத்தெலும்பு வரை போனவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் கையைத் தூக்க முடியாமல், தோள் உள்வாங்கி, வீங்கிய கையோடு வாழ்ந்தார்கள். அந்த ஆழத்தை விஞ்ஞானம் என்று சொன்னார்கள். நான் அதைப் பயம் என்று படிக்கிறேன், நோயாளியின் உடம்பில் எழுதப்பட்ட சர்ஜனின் பயம். பெர்னார்ட் ஃபிஷர் 1971ல் தொடங்கி நடத்திய பரிசோதனைகளின் முடிவுகள் வந்த பிறகுதான், அவ்வளவு வெட்டுவதால் உயிர் அதிக நாள் நிற்பதில்லை என்பது ருசுவாயிற்று.

எண்ண ஆரம்பித்தவர்களுக்கு ஒரு கெடு வேண்டியிருந்தது. முதலில் 3 வருஷம், பிற்பாடு 5 வருஷம். ஐந்து என்பதில் உயிரியல் ரகசியம் எதுவும் இல்லை. குமாஸ்தாவின் சௌகரியம். ஹார்மோனுக்கு இசையும் மார்பகப் புற்று ஐந்தாம் வருஷத்துக்குப் பிறகு இருபதாம் வருஷம் வரை மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருப்பதை 2017ல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனாலும் கெடு நின்றுவிட்டது. ஜாதகத்தில் கண்டம் எத்தனை வயது வரை என்று கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு அதை ஏற்றுக்கொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதை திரும்பி வருவதிலிருந்து தொடங்கவில்லை, போகவே போகாது என்பதிலிருந்து தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் புற்றுநோயில் இறந்தார். அடையாறு நிலையம் 12 படுக்கைகளோடு திறந்தது 1954ல். இடையில் முப்பது வருஷம். சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று மேல்மட்டத்தில் கேட்கப்பட்டதை டாக்டர் வி. சாந்தா பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது பிரசவத்தில் சாகும் பெண்களுக்காக. அந்த ஸ்தாபனத்தில் கதிர் சிகிச்சையை நிலைநிறுத்தியவர் அவருடைய அண்ணன் மகள், இன்னொரு ஐடா ஸ்கடர். சுற்றுப்பட்டு ஊர்களில் அதற்கு 'கரண்டு வைப்பது' என்று பெயர். கரண்டு வைத்தவர்கள் வீடு திரும்பினார்கள். பலர் மறுபடி வந்தார்கள். வராதவர்களைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை.

நம் சினிமா இந்த வியாதியை எப்படிக் கையாண்டது என்பதையும் ஒரு சாட்சியாக வைக்கலாம். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962ல் வந்தது. புற்றுநோய்க்காரன் பிழைக்கிறான், அறுவை செய்த டாக்டர் செத்துப்போகிறார். ஓர் உயிர் பிழைத்தால் அதற்கு இன்னோர் உயிர் கணக்குத் தீர்த்தாக வேண்டும் என்கிற அந்தத் தர்க்கம் மெலோட்டிராமாவுடையது என்றாலும் அர்த்தமில்லாதது அல்ல. பிழைப்பது அவ்வளவு நம்பமுடியாததாக இருந்தது. அந்தக் கணவன் ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தானா என்று படம் கேட்கவில்லை. 1982ல் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டிலும் கதாநாயகனுக்கு ரத்தப் புற்று. இரண்டிலும் சாவு. அது பாட்டுக்குச் சௌகரியமான வியாதி. உடம்பு அழுகுவதில்லை, முகம் வெளுக்கிறது, காதல் மிஞ்சுகிறது. பிழைத்துக் கிடந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனை வைத்துப் பாட்டு எழுத முடியாது. நம் கவிதையும் இதில் சினிமாவைவிட அதிகம் செய்துவிடவில்லை என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் இந்தப் பெஞ்சுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்களைப் பற்றி கூச்சரும் ஓமாலியும் எழுதிய புத்தகம் 1981ல் வந்தது. தலைக்கு மேல் மயிரிழையில் வாள் தொங்கிய டமாக்ளிஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1985ல், தானே புற்றுநோய்க்காரராக இருந்த டாக்டர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன், பிழைத்தலை மூன்று பருவங்களாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சை முடிந்து, காத்திருப்பு மட்டும் மிஞ்சும் நடுப்பருவத்தை ஆள்வது இந்தப் பயம்தான் என்றார். சிகிச்சை நடக்கும்போது ஆள் சண்டையில் இருக்கிறான், முடிந்த பிறகுதான் நிராயுதபாணியாகிறான் என்பது அதன் சாரம். சூசன் சொண்டாக் 1978ல் வியாதியைப் படிமமாக்குவதை எதிர்த்து எழுதினார். அதன் வாதம் நம் பத்திரிகைச் சூழலில் எடுபட வேண்டிய அளவு எடுபடவில்லை. ஆனால் அவருடைய சரீரம் அந்தப் புத்தகத்துக்கு அப்பாலும் போயிற்று. 1970களில் மார்பகம், 1990களில் கருப்பை, 2004ல் ரத்தம். மூன்றாவது, முன்பு பெற்ற சிகிச்சையின் பின்விளைவாகவே வந்திருக்கலாம் என்பது மருத்துவ அபிப்பிராயம். திரும்பி வருவது சில சமயம் அதே வியாதி அல்ல, மருந்தின் ரூபத்தில் உள்ளே போனது வேறு பெயரில் வெளியே வருகிறது. இங்கேதான் வேலூரின் கதை ஆரம்பிக்கிறது, ஏனென்றால் வேலூரில் மருந்து பாஷாணம்.

பாஷாணம் நமக்கு அந்நியமில்லை. சித்த மருத்துவம் 64 பாஷாணங்களைச் சொல்கிறது, பிறவி 32, வைப்பு 32. அவற்றில் வெள்ளைப் பாஷாணம், மனோசிலை, அரிதாரம் மூன்றும் ஆர்சனிக்கின் உருவங்கள். சுத்தி செய்து கொடுத்தால் மருந்து, செய்யாவிட்டால் எமன். தோல் தொழிலுக்கும் இது பழைய தோழன். சுண்ணாம்போடு மனோசிலையைக் கலந்து தோலில் பூசி மயிர் களைவது ஒரு பழைய முறை. பச்சைத் தோலைப் பூச்சி அரிக்காமல் கப்பலேற்ற வெள்ளைப் பாஷாணம் தடவுவது கல்கத்தா வியாபாரத்தில் வழக்கமாக இருந்தது. ஐரோப்பாவிலும் இது புதிதில்லை. தாமஸ் ஃபௌலர் 1786ல் ஆர்சனிக் கரைசலைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார். 1865ல் ஜெர்மனியில் லிஸ்ஸௌர் அதை ரத்தப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1887ல் லண்டனின் ஜொனாதன் ஹட்சின்சன், ஆர்சனிக்கை வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்களுக்குத் தோலில் புற்று வருவதைக் காட்டினார். ஆக நூற்றாண்டுக்கு முன்பே இரண்டும் தெரிந்திருந்தன. இது புற்றை அடக்கும், இது புற்றை உண்டாக்கும்.

நவீன மருத்துவம் அதைக் கைவிட்டது. திரும்ப எடுத்தது 1970களில், கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனாவின் வடகோடியில், ஹார்பினில். கிராமத்து வைத்தியம் ஒன்றில் வெள்ளைப் பாஷாணமும் ரச உப்பும் தேரை விஷமும் இருந்தன. சாங் டிங்டோங்கும் கூட்டாளிகளும் அதைப் பிரித்துப் பார்த்து, வேலை செய்வது பாஷாணம் என்று கண்டார்கள். குறிப்பாக ஒரு வகை ரத்தப் புற்றில், புரோமைலோசைட் என்னும் அரைவளர்ச்சி அணுக்கள் பெருகும் வகையில். ஹில்லெஸ்டாட் என்ற நார்வேக்காரர் 1957ல் அதைத் தனி வியாதியாக அடையாளம் காட்டியபோது அது மிக வேகமாகக் கொல்வது. ரத்தம் உறையாமல் ஈறிலும் தோலுக்கடியிலும் மூளையிலும் கசிந்து சில நாட்களில் ஆளை முடித்துவிடும். 15ஆவது குரோமோசோமும் 17ஆவதும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் வருவது என்று ஜேனட் ரௌலி 1977ல் காட்டினார். பாஷாணம் அந்த மாறாட்டத்தில் பிறக்கும் புரதத்தையே குலைக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. 1990களில் ஷாங்காய் டாக்டர்கள் இங்கிலீஷில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்கா 2000ல் அனுமதித்தது.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1998லேயே தொடங்கிவிட்டார்கள். 1986ல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றை ஆரம்பித்த மேமன் சாண்டியின் துறை அது. விக்ரம் மாத்யூஸ் முன்னின்று எழுதிய ஆய்வு 2006ல் 'ப்ளட்' சஞ்சிகையில் வந்தது. மேல்நாட்டில் பாஷாணத்தை வேறு மருந்துகள் தோற்ற பிறகு கொடுத்தார்கள். வேலூரில் முதல் மருந்தாக, அதையே தனியாகக் கொடுத்தார்கள். காரணம் விஞ்ஞானத் துணிச்சல் மட்டும் அல்ல. வழக்கமான சிகிச்சையின் செலவை வந்தவர்களில் பெரும்பாலோரால் தாங்க முடியாது. இல்லாமை ஒரு புதிய அறிவை உண்டாக்கியது என்று சொல்லலாம், இல்லாமையைப் புகழாமல். 1998க்கும் 2004க்கும் இடையில் 72 பேர். 62 பேருக்கு வியாதி அடங்கியது. அடங்கியவர்களில் ஐந்து வருஷ முடிவில் நூற்றுக்கு எண்பது பேர் அது திரும்பாமல் இருந்தார்கள். 2010ல் வெளிவந்த கணக்கு இது. 'வாழ்வே மாயம்' வந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை.

என் அக்கா, இந்த 72 பேருக்குச் சில வருஷங்கள் பின்னால், இதே வியாதியோடு வேலூருக்குப் போனவள். அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நூற்றுக்கு எண்பது என்பதை ஓர் ஆள் எப்படிச் சுமக்கிறாள் என்பதை ஆய்வுகள் சொல்வதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. ஏற்றுகிற மருந்து ஆர்சனிக் என்று நர்ஸ் சொன்னபோது என்னிடம் "பாஷாணமாடா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்பா பேரணாம்பட்டில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். "தோலுக்குப் போடுறத ரத்தத்துல போடுறாங்களா" என்று மட்டும் கேட்டார்.

அடங்கிய பிறகும் சிகிச்சை முடிவதில்லை. ஒரு மாத இடைவெளி, மறுபடி நாலு வாரம். பிறகு ஆறு மாதத்துக்கு, மாதம் பத்து நாள். அந்தப் பத்து நாள் லீவுக்கு அவள் கம்பெனியில் சொன்ன காரணம் 'ரத்தக் குறைவு'. வியாதியின் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்பதோடு, சொன்னால் அது கூப்பிட்டதாக ஆகிவிடும் என்றும் நினைத்தாள். இதை மூடநம்பிக்கை என்று சிரிக்க எனக்கு இஷ்டமில்லை. அவளுடைய பயத்தில் மூடத்தனம் கொஞ்சம், அவதானம் நிறைய. காலையில் பல் விளக்கித் துப்பினால் எச்சிலைப் பார்ப்பாள். தொடையில் மேஜை விளிம்பு பட்டுக் கன்றியிருந்தால், நீலம் எத்தனை நாளில் பச்சையாகி மஞ்சளாகிறது என்று கணக்கு வைத்திருப்பாள். மெஷினில் விரலில் ஊசி ஏறுவது அந்த வேலையில் சகஜம். மற்றவர்கள் விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த ஜோடியை எடுப்பார்கள். அக்கா ரத்தம் நிற்கிற வரை மனசுக்குள் எண்ணுவாள். முதலில் அந்த வியாதி அவளிடம் வந்தது இந்த வழிகளில்தான். வந்த வழியைக் காவல் காக்கிறாள், வேறென்ன?

பிறகு அந்தப் பரிசோதனை. மாறிய மரபுத் துண்டை ரத்தத்தில் தேடுவது. பத்தாயிரம் அணுவில் ஒன்று இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் என்கிறார்கள். உடம்புக்குத் தெரிவதற்கு முன்னால் காகிதத்துக்குத் தெரிந்துவிடும். இது மருத்துவத்தின் பெரிய சாதனை, வாஸ்தவம். திரும்பியதை முன்னமே கண்டால் மறுபடி அடக்க வழி இருக்கிறது. ஆனால் இதனால் பயம் இடம் மாறிவிட்டது. முன்பு அது உடம்பில், ஒரு கட்டியில், ஒரு கன்றலில் இருந்தது. இப்போது தேதியில் இருக்கிறது. அக்கா ரிசல்ட் காகிதத்தை நீட்டி ஒரு தரம் கேட்டாள்: "நெகட்டிவ்னா இல்லன்னு அர்த்தமா, தெரியலன்னு அர்த்தமா?" எனக்குத் தெரிந்த வரை இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது.

இந்தப் பயத்துக்கு 2016ல் சர்வதேச நிபுணர்கள் கூடி ஒரு வரையறை கொடுத்தார்கள். அதை அளக்கக் கேள்விப் பட்டியல்கள் இருக்கின்றன, இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்கு அது உதவும், மறுக்கவில்லை. வாரப் பத்திரிகைகளின் தன்னம்பிக்கைக் கட்டுரைகளைப் பற்றித்தான் எனக்குப் புகார். சிரித்துக்கொண்டே ஜெயித்தார் என்று எழுதுகிறவர்கள், பயந்துகொண்டே பிழைத்திருப்பவரைத் தோற்றவராக்கிவிடுகிறார்கள். பயம் குணத்தின் பலவீனம் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நூற்றுக்கு இருபது என்பது பலவீனமா? அது எண்.

மேலும் இந்தப் பயம் ஊரைப் பொறுத்தது. இதுவும் கேள்விப் பட்டியலில் வராது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை இவற்றில் சிகிச்சை முடிந்து திரும்புகிறவர் எங்கே திரும்புகிறார்? (2019 முதல் இவை மூன்று ஜில்லாக்களில் கிடக்கின்றன, பாலாறு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.) ஆதியில் இங்கே தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டார்கள். குரோமியத்தைச் சென்னை ராஜதானிக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்ட்டன், 1903ல், சென்னைக் கலைப் பள்ளியில். அவர் முதலில் மனசில் வைத்திருந்தது விவசாயி கவலை இறைக்கும் தோல் சால். பட்டையில் பதனிட்டது தண்ணீரில் சீக்கிரம் நைந்துவிடும், குரோம் தோல் அதிக நாள் தாங்கும். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவருவதற்காக வந்த உப்பு அது. தென்ஜில்லாக்களில் கமலை என்பதை இங்கே கவலை என்போம். சொல் முந்திக்கொண்டுவிட்டது.

பெருவாரியாக அது வந்தது 1970களில். சீதாராமய்யா கமிட்டியின் சிபாரிசின் பேரில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு 1973ல் அரசாங்கம் வரம்பு கட்டியது. முழுத் தோலாக, செருப்பாக விற்றால் அந்நியச் செலாவணி அதிகம். ஐரோப்பாவில் செலவும் நாற்றமும் அதிகமாகிவிட்ட வேலை இந்தப் பக்கம் நகர்ந்தது. ராணிப்பேட்டையில் அரசு சார்ந்த குரோமேட் தொழிற்சாலை ஒன்று ஏறத்தாழ இருபது வருஷம் ஓடி 1990களின் நடுவில் மூடப்பட்டது. விட்டுப்போனது சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவு, ஆறிணைவுக் குரோமியம் கலந்தது. அது மனிதனுக்குப் புற்று உண்டாக்கும் என்பதில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்குச் சந்தேகமில்லை.

இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு கட்சி. எந்த வியாதியானாலும் டேனரித் தண்ணீர் என்பது ஒன்று. எந்த வியாதிக்கும் டேனரி காரணமில்லை என்பது மற்றது, இது பெரும்பாலும் சம்பளம் கொடுக்கிற இடத்திலிருந்து வருவது. விஞ்ஞானம் சொல்வது இரண்டுக்கும் சௌகரியமாக இல்லை. பதனிடப் பயன்படுவது மூவிணைவுக் குரோமியம், அது புற்று உண்டாக்குவதாக நிரூபணமில்லை. ஆனால் தோல் தூசு மூக்குப் புற்றை உண்டாக்கும். இங்கிலாந்தின் செருப்புப் பிரதேசமான நார்தாம்ப்டன்ஷயரில் ஆச்சிசனும் சகாக்களும் 1970ல் காட்டியது அது. அக்காவின் வியாதிக்கும் தோலுக்கும் தொடர்பு காட்டிய ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். "அப்போ ஏன் வந்தது?" என்றாள். காரணம் தெரியாத ஒன்று திரும்பி வராது என்று எப்படி நம்புவது? காரணம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் குறைந்தபட்சம் தண்ணீரை மாற்றலாம். அவள் மாற்றினாள், கேன் தண்ணீர் வாங்குகிறாள். பயம் காரணத்தைத் தேடுவது அறியாமையால் அல்ல, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருப்பதால்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லி அனுப்பியது, கவலைப்படாதீர்கள், நிரூபணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது. நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் இதே பிரதேசத்தைப் பற்றி இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் நேர் எதிரானதைச் சொல்லியிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு அது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. தொகை ஒன்றுமில்லை. முக்கியம் அது நிலைநாட்டிய முன்னெச்சரிக்கைத் தத்துவம். மீளமுடியாத கேடு வரக்கூடும் என்னும்போது, விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பதைச் சாக்காக வைத்து நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று நிரூபிக்கும் பாரம் செய்கிறவன் தலையில். சட்டப் புத்தகங்களில் இதைச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல் என்கிறார்கள். நான் இதைப் பயத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்த ஆவணமாகப் படிக்கிறேன். நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் பயப்படு, பயந்ததற்கேற்ப நடந்துகொள் என்று அது அரசாங்கத்துக்கு உத்தரவு போடுகிறது. அதே ஊரில் அதே பயம் ஒரு தையல்காரியிடம் இருந்தால் அதற்கு மாத்திரை எழுதுகிறோம்.

தீர்ப்புக்குப் பிறகும் ஆறு குணமாகிவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நஷ்டஈடு நிர்ணயித்தார்கள், பலருக்குப் போய்ச் சேரவில்லை, மறுபடி வழக்குகள். 2025 ஜனவரி 30ந் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் கழிவு விஷயத்தில் இன்னொரு தீர்ப்பு எழுதியது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும். நஷ்டஈடு கொடு, ஆற்றைச் சரிசெய், கண்காணிக்கக் கமிட்டி போடு என்றதோடு, வழக்கைத் தீர்த்துக் கட்டாமல் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அதாவது பாலாற்றுக்கும் செக்கப். குணமாகிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கும் துணிவில்லை.

சீனாவில் மனோசிலையைச் சேர்த்துச் செய்த மாத்திரை, ஊசிக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 2013ல் காட்டிவிட்டார்கள். ஊசிக்காக மாதம் பத்து நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாடு அப்படியானால் இல்லை, வீட்டிலேயே விழுங்கலாம். அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு அது அவ்வளவு நல்ல செய்தியாகப் படவில்லை. அந்தப் பத்து நாளில் தன்னைப் போன்ற இன்னும் நாலு பேரை வரிசையில் பார்க்க முடிந்தது என்றாள். அவர்களில் ஒரு ஒரிசாக்காரரும் ஒரு வங்காளிப் பெண்ணும். பேச ஒருவருக்கொருவர் பாஷை கிடையாது. ஒருவர் கையை ஒருவர் திருப்பிக் கன்றல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்களாம்.